விடியற்காலையில் மட்டும் மூச்சு முட்டிய கார்

போன மாதம் இரண்டு இளம் மெக்கானிக்குகள் வீடு தேடி வந்தார்கள். கையில் ஒரு புது எயார் ஃபில்டர். சிவப்புத் துணியை மடிப்பு மடிப்பாக வைத்து இருபுறமும் கம்பிவலை போட்டிருந்தது. கழுவிக் கழுவித் திரும்பவும் பாவிக்கலாமாம். பெட்டிக்குள் ஒரு சின்னப் போத்தலில் எண்ணெயும் இருந்தது.

"சேர், இதுக்கு எவ்வளவு எண்ணெய் விடவேணும்? பெட்டியிலை எழுதியிருக்கிறது எங்களுக்கு விளங்கேல்லை."

நான் போத்தலை வாங்கி மூடியைத் திருகி மணந்தேன். ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒருவன் மற்றவனைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன சேர், நஞ்சோ எண்டு பாக்கிறியளோ?"

ஓம், அப்படித்தான் பார்த்தேன். எயார் ஃபில்டருக்குப் போகிற எந்த எண்ணெயையும் நான் நம்புவதில்லை. அதை விடுகிற கையையும் நம்புவதில்லை, அது என்னுடைய கையாக இருந்தாலும்கூட. ஏன் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர்களுக்குப் போன் வந்தது, எழும்பிப் போய்விட்டார்கள். தொடங்கிய கதையை முடிக்காமல் விட எனக்கு ஏலாது. ஆகவே எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றில் உயர்தரப் பரீட்சை எழுதினேன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் மெக்கானிக் படிப்பு கிடைத்தது. இரண்டு வருடப் படிப்பு, ஊரடங்கும் பூட்டும் திறப்புமாக மூன்றரை வருடம் இழுபட்டது. அந்த இடைவெளிகளில் கையில் அகப்பட்ட ஆங்கிலக் கைநூல்களையெல்லாம் வாசித்தேன். வாசித்ததை உடனே யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. காபரேற்றரைப் பற்றி அம்மாவுக்குக்கூட விளங்கப்படுத்தியிருக்கிறேன். அவவுக்கு வேறு வழியில்லை, அடுப்படியில் நின்றா.

எண்பத்தேழில் புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வேலைத்தலத்தில் சேர்ந்தேன். இரண்டு லொறி, சில உழவு இயந்திரங்கள், ஒரேயொரு கார். பழைய ஒஸ்ரின் ஏ-நாற்பது. ஊரில் நோயாளிகளைப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காகச் சங்கம் வைத்திருந்தது.

வேலைத்தலத்துக்குப் பொறுப்பு கனகசபை. எல்லாரும் போமன் என்போம். அவர் ஒருவரையும் கோபித்துப் பேசிக் கேட்டதில்லை. ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார். காலையில் வந்தவுடன் ஒரு தரம், சாப்பாட்டுக்கு முந்தி ஒரு தரம், வீட்டுக்குப் போக சைக்கிளில் கால் வைத்தபின் ஒரு தரம். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் "சரி" என்பார். ஒரு சொல் மாறினால் சைக்கிளை ஸ்ராண்டில் போட்டுவிட்டுத் திரும்பி வருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோடும் பேசுவதற்கு முதல் அந்த ஆளுடைய கால்சட்டைப் பையைப் பார்ப்பார். ஒரு நட்டும் அவர் காலத்தில் காணாமல் போனதில்லை.

அந்தக் காரின் எயார் கிளீனர் ஒரு வட்டத் தகரப் பேணி. உள்ளே சுருட்டிய கம்பிவலை. இன்றைய கடதாசி ஃபில்டர் மாதிரி தூக்கி எறிவதல்ல. மண்ணெண்ணெயில் தோய்த்துத் தலைகீழாக ஆட்டி அழுக்கை இறக்க வேண்டும். இரண்டாம் தரம் சுத்தமான மண்ணெண்ணெயில் அலம்ப வேண்டும். நிழலில் உலரவிட வேண்டும். பிறகு எஞ்சின் எண்ணெயில் ஒரே ஒரு தரம் அமிழ்த்தி எடுத்துக் கொழுவியில் தொங்கவிட வேண்டும். சொட்டு நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. போமன் வலையைப் பழைய பத்திரிகைத் தாளில் வைத்து உள்ளங்கையால் அமத்துவார். தாளில் ஈரம் ஊறினால் திரும்பவும் கொழுவிக்கு. மெல்லிய அடையாளம் மட்டும் விழுந்தால்தான் காருக்கு.

"தூசியைப் பிடிக்கிறதுக்குப் பிசுக்கு மட்டும் காணும். எண்ணெய் காற்றையெல்லோ மறிக்கும். ரெண்டும் ஒண்டில்லை."

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி சாதாரணத் தூசியா? ஒரு லொறி போனால் வேலியே சிவக்கும். எண்ணெய் கூடினால் தூசியும் கூடப் பிடிக்கும்தானே? மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறில் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்கான பாதை அடைபட்டது. பெற்றோல் இல்லை, எஞ்சின் எண்ணெய் இல்லை, மின்சாரமும் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதற்குக் கொஞ்சம் பெற்றோல் காட்ட வேண்டும். எங்கள் காரில் டாஷ்போட்டுக்கு மேலே ஒரு சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய் காபரேற்றருக்குப் போகவிட்டிருந்தோம். பெற்றோலில் பிடித்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நோயாளி பின்னுக்கு, சேலைன் முன்னுக்கு என்று சனம் பகிடி பண்ணும். அந்தப் போத்தலில் இருந்த பெற்றோலுக்கு அன்றைக்கு மருந்தைவிட மதிப்பு.

கம்பிவலைக்கு என்ன எண்ணெய் விடுவது? போமன் பழைய எஞ்சின்களில் இருந்து இறக்கிய கழிவெண்ணெயை வடித்து விடலாம் என்றார். நான் விடவில்லை. கழிவெண்ணெயில் இரும்புத் தூள் இருக்கும் ஐயா, அது எஞ்சினுக்குள் போகும் என்று கைநூலைக் காட்டினேன். அப்படியென்றால் வேறென்ன என்று கேட்டார்.

"தேங்காயெண்ணெய் ஐயா."

"நீர் காரை ஓடப் போறீரோ, பொரிக்கப் போறீரோ?"

ஆனாலும் மூன்று தரம் கேட்டுவிட்டு, "சரி, உம்மடை பொறுப்பு" என்றார். ஆவணி மாதம். புழுதி பறக்கிற காலம். பத்து நாள் ஓட்டத்துக்குப் பிறகு வலையைக் கழற்றினேன். செம்மண் அப்பிப் போய் சிவப்பரிசி மாவில் செய்த பலகாரம் மாதிரி இருந்தது. உள்ளே குழாயில் ஒரு பொட்டுத் தூசி இல்லை! வேலைத்தலம் முழுக்கக் கொண்டு திரிந்து காட்டினேன். அன்றோடு அந்த வேலை என்னுடையதானது. பத்திரிகைத் தாளில் அமத்துவதை நான் விட்டுவிட்டேன். ஈரமாகவே பூட்டினேன். நாலு மாதம் ஒரு குறையும் இல்லை.

மார்கழிக் கடைசியில் சாரதி அந்தோனிப்பிள்ளை வந்து முறைப்பாடு சொன்னார். பண்டத்தரிப்புக்காரர், ஐம்பது வயது இருக்கும், சங்கத்து அறையிலேயே படுக்கிறவர். எங்களுக்கெல்லாம் அந்தோனி அண்ணை.

"தம்பி, விடியக்காலமை காருக்கு மூச்சு முட்டுது. கரும்புகை தள்ளித் தள்ளி நிக்குது. நாலைஞ்சு தரம் ஸ்ராட் பண்ணினாத்தான் வழிக்கு வருது."

பத்து மணிக்கு நான் ஓட்டிப் பார்த்தேன். தையல் மெசின் மாதிரி ஓடியது. எயார் கிளீனரைத் திறந்தேன். வலை பளபளவென்று நன்றாக இருந்தது. பிளக், பிளற்றினம் எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"இப்ப ஓடுது அண்ணை."

"இப்ப ஓடும். விடியக்காலமை வந்து பார்."

நான் போகவில்லை. ஏனென்றால் அதற்கிடையில் போமன் இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தார். சேலைன் போத்தலில் பெற்றோல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குறைகிறது.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்த வேகத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கார் பகலில் நல்லாக ஓடுகிறது. ஒருவரும் பார்க்காத விடியற்காலையில் மட்டும் இடறுகிறதாம். இடறும்போதெல்லாம் பெற்றோல் போகிறதாம். அந்தோனி அண்ணையின் மச்சானிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஊரில் மற்ற மோட்டார் சைக்கிள்களெல்லாம் சாக்கு மூடிக் கிடந்தபோது அது ஓடியது. எனக்கு அவ்வளவும் போதும்.

போத்தலில் பிளாஸ்ரர் ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டேன். குழாய்ப் பொருத்தில் நூலைச் சுற்றி நான் மட்டும் அறிகிற மாதிரி முடிச்சுப் போட்டேன். காலையில் கார் ஓடித் திரும்பியபின் பார்த்தால் நூல் அப்படியே இருந்தது, பெற்றோல் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. அவர் குற்றமற்றவர் என்பதற்கு அது சாட்சி. எனக்கோ அவர் கைகாரன் என்பதற்குச் சாட்சியாகப் பட்டது. மூன்று நாள் தொடர்ந்து பார்த்தேன். அந்த மூன்று நாளும் எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

தை பிறந்த கையோடு விபரீதம் நடந்தது. ஒரு பிள்ளைத்தாய்ச்சியை விடியப்புறம் ஏற்றிக்கொண்டு போன கார் கோப்பாய்க்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்ததில் போத்தல் காலி. வழியில் வந்த உழவு இயந்திரத்துப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அந்தப் பெண்ணைக் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். மத்தியானம் புருஷன்காரன் சங்க வாசலில் வந்து நின்று கத்தினான்.

"பெற்றோலை வித்துத் திண்டவனைக் கொண்டு வாங்கோ வெளியிலை!"

அந்தோனி அண்ணை வெளியில்தான் நின்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நிர்வாகக் குழு கூடி விசாரிப்பதாக ஏற்பாடு. வேலை போவது மட்டுமல்ல. கள்ளன் என்று பெயர் விழுந்தவனிடம் அன்றைய யாழ்ப்பாணத்தில் எவன் பெற்றோல் போத்தலோடு காரைக் கொடுப்பான்? அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. போமன் என்னிடம் எழுத்தில் கேட்டார். 'என் பரிசோதனையில் வாகனத்தில் எவ்விதப் பழுதும் காணப்படவில்லை. பெற்றோல் குறைவதற்கு இயந்திரக் காரணம் எதுவும் இல்லை' என்று நல்ல கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தேன். போமன் வாசித்துவிட்டு மூன்றாம் தரமும் கேட்டார்.

"வடிவாப் பாத்தனீரோ?"

"பாத்தனான் ஐயா."

"விடியக்காலமை பாத்தனீரோ?"

பதில் சொல்ல எனக்கு ஒரு கணம் பிந்தியது. அவர் சைக்கிளை ஸ்ராண்டில் போட்டார். "நாளைக்கு அவனோடை போம். போத்திலை விட்டுக் கண்ணை எடுக்காதையும்."

வியாழன் காலை ஐந்தரை. பனி இறங்கியிருந்தது. அந்தோனி அண்ணை காதை மூடித் துவாய் கட்டியிருந்தார். நான் முன் ஆசனத்தில், மூக்குக்கு நேரே சேலைன் போத்தல்.

"கண்ணாலை குடிச்சுப் போடாதை தம்பி. உள்ளது அவ்வளவுதான்."

கார் பிடித்தது. வாசலைத் தாண்டியதும் இருமியது. கரும்புகை. நின்றது. திரும்பப் பிடித்தார், நூறு யார் போய் நின்றது. என் கண் முன்னாலேயே பெற்றோல் கோட்டைவிட்டு இறங்கியது. அவருடைய இரண்டு கையும் ஸ்ரியறிங்கில் இருந்தன. மூன்றாம் தரம் நின்றபோது கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப எழுது. களவெடுத்தது ஆர்? நானோ, நீயோ, காரோ?"

இறங்கி பொனற்றைத் தூக்கினேன். ஒரு பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்து ஈரமாக இருந்தது. எரிபொருள் கூடியிருக்க வேண்டும், அல்லது காற்றுக் குறைந்திருக்க வேண்டும். கைநூலில் பக்க எண்ணே எனக்குத் தெரியும். எயார் கிளீனர் மூடியைத் திறந்தேன்.

வலை வெள்ளையாக இருந்தது. கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் மெழுகு வார்த்ததுபோல் அடைத்துக் கிடந்தது.

அப்போதும் பாருங்கள், என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஆரோ மெழுகு உருக்கி ஊத்தியிருக்கிறாங்கள்!" சொல்லிக்கொண்டே அவரைத்தான் பார்த்தேன்.

அந்தோனி அண்ணை விரலால் வழித்தெடுத்தார். மணந்தார். துவாயை அவிழ்த்து, வழித்ததைத் தலையில் தேய்த்தார்.

"நல்ல எண்ணெய். எந்தச் செக்கிலை ஆட்டினது?"

வீட்டில் ஒவ்வொரு தையிலும் உறைந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்து இளக்கித் தலைக்கு வைத்தவன் நான். அதே எண்ணெயை வலைக்குள் ஈரமாக விட்டுப் பூட்டியவனும் நான். விடியற்காலைக் குளிரில் அது உறைந்து காற்றை அடைக்கிறது. நாலைந்து தரம் பிடித்து எஞ்சின் சூடேற இளகிவிடுகிறது. நான் பத்து மணிக்குத் திறக்கும்போது பளபளக்கிறது.

எட்டு மணிக்குப் போமனிடம் ஓடினேன். மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் எயார் கிளீனரைத் திறந்தார். வலை எண்ணெயில் மினுங்கியது. ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை.

"எங்கை?"

"இளகிப் போச்சு ஐயா."

"ம்." என் கால்சட்டைப் பையைப் பார்த்தார். "அந்தோனி உமக்கு என்ன தந்தவன்?"

"ஒண்டும் தரேல்லை ஐயா! நான் கண்ணாலை கண்டனான்."

"நேற்றும் பாத்தனான் எண்டுதான் எழுதித் தந்தனீர். உம்மடை எந்தக் கையெழுத்தை நான் நம்புறது?"

திரும்ப உறையவைத்துக் காட்டுவதற்கு ஐஸ் இல்லை. மின்சாரமே இல்லாத ஊரில் குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது? சாப்பாட்டுக்கு முந்தி திரும்பவும் கேட்டார், அதே பதிலைச் சொன்னேன். பின்னேரம் சைக்கிளில் கால் வைத்தவர் இறங்கி வந்தார். என்னை விலகச் சொல்லிவிட்டு வலையைத் தானே கழற்றினார். பத்திரிகைத் தாளில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார்.

"இது இண்டைக்கு என்னோடை இருக்கட்டும். உம்மளையும் நம்பேலாது, உவனையும் நம்பேலாது."

வெள்ளி காலை ஆறு மணிக்கு முதல் நானும் அந்தோனி அண்ணையும் சங்க வாசலில் நின்றோம். போமன் வந்தார். சைக்கிள் கான்டிலில் பை.

"மனுசி சண்டை. எண்ணெய் வலையைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு ஆர் படுக்கிறது எண்டு."

தாளைப் பிரித்தார். வலை வெள்ளை வெளேரென்று இருந்தது.

அவர் அதோடு விடவில்லை. மதிற்கட்டில் ஒரு காய்ந்த பத்திரிகைத் தாளை விரித்து, வலையை அதன்மேல் வைத்துவிட்டுக் குந்தியிருந்தார். எங்களையும் இருக்கச் சொன்னார். வெயில் வரும்வரை மூன்று பேரும் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலிக்கு மேலால் வெயில் விழுந்து கொஞ்ச நேரத்தில் வலையின் ஒரு ஓரம் கண்ணாடியானது. பிறகு ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. கீழே கிடந்த தாள் முழுக்க ஊறியது. போமன் ஊறிய தாளைத் தூக்கி எனக்குக் காட்டினார். அவர் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பத்து மணிக்குக் குழு கூடியது. போமன் தன் வீட்டில் கண்டதைச் சொன்னார். தேங்காயெண்ணெய்க்குச் சம்மதித்தது தான் என்பதையும் சொன்னார். பிறகு என்னை எழுப்பி, நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை உரத்து வாசிக்கச் சொன்னார். 'இயந்திரக் காரணம் எதுவும் இல்லை' என்ற இடத்தில் நிறுத்தி, "திருப்பி வாசியும்" என்றார். வாசித்தேன். மூன்றாம் தரமும் வாசித்தேன். அந்தோனி அண்ணை பின்வாங்கில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வேலை தப்பியது. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவர் பீடி பற்றவைத்தார்.

"மன்னிப்பை வைச்சு என்ன செய்யிறது? நாளைக்கு அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டு நில்."

மறுநாள் விடிய எங்கள் வீட்டுப் படலையில் கோர்ன் அடித்தது. "வா, உன்ரை வலையைப் பாக்க." அதற்கிடையில் வலையைக் கழுவிக் கழிவெண்ணெய் வடித்துத் தோய்த்து, தாளில் அமத்தித்தான் பூட்டியிருந்தேன். அது உறையாது என்று சொன்னேன். "நீ சொல்லுவாய்" என்றார். என் கையாலேயே மூடியைத் திறக்கச் சொன்னார். ரோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். பிறகுதான் ஸ்ராட் பண்ணினார். ஆஸ்பத்திரி வாசல்வரை என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். விடியற்காலை ஓட்டம் இருந்த நாளெல்லாம் இது நடந்தது. நோயாளிகள் என்னைச் சாரதிக்கு உதவியாள் என்று நினைத்தார்கள். ஒரு கிழவி மட்டும் கேட்டா, "இந்தப் பெடியனுக்கு என்ன வருத்தம்?"

"உவருக்குக் கண் கொஞ்சம் பிழை ஆச்சி" என்றார் அந்தோனி அண்ணை.

மாசி பிறந்து பனி குறைந்தது. ஒருநாள் வழமைபோல ஐந்து மணிக்குக் குளித்து வெளிக்கிட்டுப் படலையடியில் நின்றேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. இடறல் இல்லை, புகை இல்லை. நிற்பதற்கு வேகம் குறைக்கும் என்று ஒரு காலை வீதியில் வைத்தேன். கார் நிற்கவில்லை. என்னைத் தாண்டும்போது ஒரு தரம் கோர்ன் அடித்துவிட்டு நேரே போனது.

எனக்குத்தான் அடித்தார் என்று கை தூக்கினேன். பிறகு சந்தேகத்தில் திரும்பிப் பார்த்தேன். வீதிக்கரையில் ஒரு நாய் நின்றது.